லெமுவல் ஹாஸ்கின்ஸின் நாற்பத்தோராவது அடக்கம்

எங்கள் ஊரில் ஜனவரியில் சாகக் கூடாது. செத்தால் புதைக்க முடியாது. நவம்பர் கடைசியில் இறுகிப்போகிற தரை ஏப்ரல் முடிவில்தான் இளகும். அதுவரை கடப்பாரையால் குத்தினால் கடப்பாரைதான் வளையும். அதற்காகவே கல்லறைத் தோட்டத்துச் சரிவில் கல்லால் கட்டிய ஓர் அறை இருக்கிறது. குளிர்காலத்தில் போனவர்கள் பெட்டியோடு அதில் வரிசையாகக் காத்திருப்பார்கள். பனி உருகியதும் ஒருவர் பின் ஒருவராகத் தத்தம் குழிக்குப் போய்ச் சேர்வார்கள்.

கிழவர் டெல்பர்ட் ப்ரூயிட் ஜனவரியில்தான் செத்தார். இதயத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த கருவி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, அவர்தான் நின்றுவிட்டார். ஆஸ்பத்திரியில் கடைசியாக அவர் மகன் ஆர்லோவிடம் சொன்னதை நானும் கேட்டேன்.

"என்னை உங்கம்மா பக்கத்துல போட்டுடு. அவ எப்பவும் இடது பக்கம்தான் படுப்பா. வலது பக்கத்தை எனக்கு விட்டு வெச்சிருக்கா."

இவ்வளவுதான் அவர் கேட்டது. ஆர்லோ சரி என்று தலையாட்டினான். கவுண்ட்டி நிர்வாகத்துக்காகச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன் அவன். தள்ளினால் வழி விடும் என்றுதான் உலகத்தைப் பற்றி அவனுக்கு எண்ணம். ஆனால் அவன் அம்மா ஹேசல் ப்ரூயிட்டின் வலது பக்கத்துக்கும் அவனுக்கும் நடுவே ஒரு நாவலாசிரியர் இருந்தார்.

லெமுவல் பிராக்கெட் ஹாஸ்கின்ஸ். எங்கள் ஊரின் பெயரே ஹாஸ்கின்ஸ் லேண்டிங்தான். அவருடைய அப்பா இந்த ஏரிக்கரைக்கு வந்து, கண்ணுக்கெட்டிய காட்டையெல்லாம் வெட்டிச் சாம்பலாக்கி, சாம்பலையும் விட்டுவைக்காமல் சோப்புக்காரர்களுக்கு விற்றுப் பணக்காரரானார். மகன் அந்தப் பணத்தில் உட்கார்ந்து, காடு போயிற்றே என்று எட்டு நாவல்கள் அழுதார். எல்லைப்புற வீரர்களைப் பற்றி எழுதிய அவர், தம் வீட்டுக் கொல்லைக்குப் போகும் வழியில் ஒருமுறை தொலைந்துபோனார். தேடிப் பிடித்துக் கொண்டுவந்தவர் மீது அத்துமீறி நுழைந்ததாக வழக்கும் போட்டார். இதை நான் கட்டிவிடவில்லை, கழகம் விற்கிற சிறு புத்தகத்தில் 'ஆசிரியரின் சாகசங்கள்' என்ற தலைப்பில் இருக்கிறது.

கழகம் என்றேனே. ஹாஸ்கின்ஸ் மரபுக் காப்புக் கழகம். ஹேசல் இறந்த மறு வருடம், பழைய கல்லறைகளில் யாரும் புல் வெட்டுவதில்லை என்று நகரசபை சோம்பல்பட்டு, இரும்பு வேலிக்குள் இருந்த பகுதி முழுவதையும் கழகத்தின் கையில் கொடுத்துவிட்டது. வேலிக்குள் ஹாஸ்கின்ஸின் உயரமான கல்தூண் இருக்கிறது. மூலையில் ப்ரூயிட் குடும்பத்து இடமும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு பெட்டி நீளத்துக்குக் காலி நிலம். அதுதான் ஹேசலின் வலது பக்கம்.

அந்தக் காலி நிலத்தில்தான் கழகம் ஆண்டுதோறும் ஹாஸ்கின்ஸை அடக்கம் செய்கிறது.

மே மாதத்து முதல் சனிக்கிழமை. உயரத் தொப்பிகள், கறுப்பு அங்கிகள், பித்தளை வாத்தியங்கள், மரத்தாலேயே செய்த மண்வெட்டிகள். ஒரு காலிப் பெட்டியைச் சுமந்து வந்து, குழியில் இறக்கி, அவரை அடக்கம் செய்த நாளில் நடந்தபடியே எல்லாரும் அழுவோம். அழுகைக்குப் பரிசு உண்டு. முதல் பரிசுக்கு நீல ரிப்பன், இரண்டாவதுக்குச் சிவப்பு. சாயந்தரம் கூட்டம் கலைந்ததும் கல்லறைக் காவலாள் லோரெய்ன் பெட்டியை எடுத்து மறுபடி சரிவிலுள்ள கல் அறையிலேயே வைத்துவிடுவாள். நான் ஆணிக்கடை வைத்திருப்பவன். ஆண்டுதோறும் ஹாஸ்கின்ஸின் மைத்துனனாக வருவேன், ஆணி இலவசமாகக் கொடுப்பதால். போகாவிட்டால் என் கடை வாசலில் 'இது பழமைக்குப் பொருந்தாத கட்டடம்' என்று பலகை வைத்துவிடுவார்கள்.

பிப்ரவரியில் ஆர்லோ கழகத்துக்குப் போனான். துணைக்கு நானும்.

கழகக் கூட்டத்துக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில், அழிந்த காட்டுக்காக ஒரு நிமிடம் மௌனம். மேப்பிள் மர நாற்காலிகளில் உட்கார்ந்து கொண்டுதான். பிறகு, பெரிய நாவலின் முதல் பக்கத்தை வாசிப்பார்கள். நாற்பது வருடமாக முதல் பக்கம்தான். அதில் சூரியன் ஏரிக்குமேல் உதிக்கத் தொடங்கியிருக்கும். இன்னும் உதித்து முடியவில்லை.

அடுத்ததாகத் தலைவர் வின்த்ராப் வான் எப்ஸ் எழுந்து அனுதாபம் தெரிவிப்பார். அவர் காப்பீட்டுக் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். யாருக்கும் எதுவும் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையை முப்பது வருடம் செய்து பழகியவர். அனுதாபம் லோரெய்னுக்கு. லோரெய்ன் டாக்ஸ்டேட்டர் ஒனைடா என்ற பூர்வகுடி இனத்தவள். ஹாஸ்கின்ஸின் நாவலில் அவளுடைய மக்கள் முப்பதாவது அத்தியாயத்தில் பூண்டோடு மறைந்துவிடுகிறார்கள்.

"லோரெய்ன், உங்க ஜனங்க மறைஞ்சு போனதுக்குக் கழகத்தோட ஆழ்ந்த வருத்தத்தை இந்த வருஷமும் பதிவு பண்றேன்" என்றார் வான் எப்ஸ்.

"நன்றிங்க. வடக்குக் கேட்டுல கீல் விட்டுப்போச்சு, அதையும் பதிவு பண்ணுங்க. நேத்து எங்க அண்ணன் பசங்க நாலு பேரு வந்து முட்டுக் கொடுத்து நிறுத்திட்டுப் போனாங்க."

"மறைஞ்சும் எவ்வளவு கண்ணியம் பாருங்க" என்று வான் எப்ஸ் உறுப்பினர்களைப் பார்த்துச் சொன்னார். எல்லாரும் நெகிழ்ந்தார்கள்.

ஆர்லோ எழுந்து, தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே, அப்பாவை அம்மா பக்கத்தில் வைக்க வேண்டும் என்றான். வான் எப்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ப்ரூயிட், உங்க துக்கத்துல கழகமும் பங்கெடுத்துக்குது. ஆனா நீங்க கேக்குற இடம் காலியா இல்லை."

"காலியாத்தானே இருக்கு. நேத்துகூடப் பாத்தேன். பனிதான் இருக்கு."

"அது ஹாஸ்கின்ஸுக்கு ஒதுக்கின இடம்."

"அவருதான் பக்கத்துல தூணுக்கு அடியில இருக்காரே."

"அது அவரைப் புதைச்ச இடம். இது அவரைப் புதைக்கிற இடம். ரெண்டும் வேற."

ஆர்லோ என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். வேறெங்கே பார்ப்பது?

"வருஷத்துல ஒரே ஒரு நாள்தானேங்க. அதுவும் வெறும் பெட்டி" என்றான் ஆர்லோ.

"வெறும் பெட்டின்னு சொல்லாதீங்க. அதுல ஒரு காலகட்டமே இருக்கு. உங்கப்பா பாவம், ஒரு தனிமனுஷர். இந்த வேலிக்குள்ள இருக்கறதெல்லாம் ஹாஸ்கின்ஸோட காலத்தைச் சேர்ந்ததா இருக்கணும். அதுதான் விதி. உங்கப்பா எந்தக் காலத்தவர்?"

"போன மாசம் வரைக்கும் இருந்தாருங்க."

"அதான் சிக்கல்" என்றார் வான் எப்ஸ்.

முடியாது என்று சொல்லிவிட்டால் மனிதன் வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு வேறு வேலையைப் பார்ப்பான். கழகம் அப்படிச் சொல்லாது. பரிசீலிக்கிறோம் என்று சொல்லும். முதலில், பெட்டி காலத்துக்கேற்றதாக இல்லை என்றார்கள். ஆர்லோ தச்சுவேலை தெரிந்த சிநேகிதனைப் பிடித்து, இரும்பே படாமல், மரமுளை அடித்து, வெறும் பைன் பலகையில் ஒரு பெட்டி செய்தான். அளவு தெரியவில்லை என்று கழகத்தின் பெட்டியையே பார்த்துச் செய்தார்கள். பார்த்துவிட்டுக் குழு திருப்தியாகத் தலையசைத்தது. அடுத்து உடை. கிழவரின் ஒரே நல்ல கோட்டில் ஜிப் இருந்தது. ஆர்லோவின் மனைவி அதைப் பிரித்துக் கொம்புப் பொத்தான் தைத்தாள். நான் அந்தக் கல் அறைக்குப் போய் டெல்பர்ட்டுக்கு அதை மாட்டிவிட உதவினேன். குளிரில் அவர் விறைத்துப் போயிருந்தார். உயிரோடிருந்தபோது கல்யாணங்களுக்குக் கோட்டு மாட்டிவிட்டாலும் அப்படித்தான் நிற்பார்.

மார்ச் கூட்டத்தில் வியாதிக்கு வந்தார்கள்.

"இதயத்துல கருவி வெச்சிருந்ததா கேள்விப்பட்டோம். அது அந்தக் காலத்துல கிடையாதே" என்றார் வான் எப்ஸ்.

"எடுத்துட்டோம்" என்றான் ஆர்லோ.

"நல்லது. ஆனா எதனால இறந்தார்ங்கறது மாறாதே. காசநோயா இருந்திருந்தா எங்களுக்குச் சுலபமா இருந்திருக்கும். குதிரைலேர்ந்து விழுந்திருந்தாலும் பரவாயில்லை. மேற்கொண்டு ஏதாவது வழி இருக்கான்னு பாருங்க."

"அவரு செத்துட்டாருங்க. மேற்கொண்டு என்ன வழி?"

"அவசரப்படாதீங்க. மரபுன்னா பொறுமை வேணும்" என்றார் வான் எப்ஸ். "கழகம் உங்களுக்கு எதிரி இல்லை. உண்மையைச் சொல்றேன், செத்தவங்க மேல எங்களுக்கு இருக்கற அக்கறை ஊர்ல வேற யாருக்கும் கிடையாது. உயிரோட இருக்கறவங்களாலதான் எங்களுக்குத் தொந்தரவு."

இதைக் கைதட்டி வரவேற்றார்கள். கூட்டக் குறிப்பிலும் ஏற்றினார்கள்.

ஏப்ரல் கூட்டத்தில் ஒரே வரியில் பதில் வந்தது. டெல்பர்ட் ப்ரூயிட் நல்லவர், ஆனால் நவீனமானவர். வேண்டுமானால் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், புதிய தோட்டத்தில் வைத்துக்கொள்ளலாம். கூடவே, ஹேசலின் கல்லில் எந்திரத்தால் வெட்டிய ரோஜாப்பூ இருப்பதால் பார்வையாளர் கண்ணில் படாமல் அதைத் துணியால் மூடிவைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்கள்.

வெளியே வந்து ஆர்லோ என் வண்டிக்குள் உட்கார்ந்தான். பனி உருகி வீதியெல்லாம் சேறு.

"அம்மாவைத் துணி போட்டு மூடணுமாம்" என்றான். எனக்கு வந்த கோபத்துக்குக் கழகக் கட்டடத்தில் நான் அடித்துக் கொடுத்த ஆணி அத்தனையையும் பிடுங்கியிருப்பேன்.

லோரெய்ன் வந்து வண்டிக் கண்ணாடியைத் தட்டினாள். கையில் காப்பிக் குவளை.

"கல் அறையைக் கூட்டிப் பெருக்கினேன். எல்லாரையும் அனுப்பியாச்சு. ரெண்டு பெட்டிதான் மிச்சம். கழகத்தோடது ஒண்ணு, உங்கப்பாவோடது ஒண்ணு."

"ம்" என்றான் ஆர்லோ.

"பக்கத்துப் பக்கத்துல இருக்கு. பலகை, முளை, நீளம், எல்லாம் அச்சு அசலா ஒண்ணு. எது எதுன்னு எனக்கே தெரியலை. தூக்கிப் பாத்தாத்தான் தெரியும்." காப்பியை ஒரு வாய் குடித்தாள். "சனிக்கிழமை காலைல கழகத்து ஆளுங்க வர்றப்போ வாசல் பக்கம் எது இருக்கோ அதைத்தான் தூக்குவாங்க. மறைஞ்சு போன ஜனம் நாங்க, எங்களுக்கு ஞாபகமறதி ஜாஸ்தி. எதை எங்க வெச்சேன்னு எப்படிச் சொல்றது?"

ஆர்லோ அவளையே பார்த்தான்.

"குழி?" என்றேன் நான்.

"மூணடிதான் எப்பவும் தோண்டுவேன், வேஷத்துக்கு அது போதும். இந்த வருஷம் தரை நல்லா இளகியிருக்கு. ஆறடி போறேன். டெல்பர்ட்டோட அடக்கத்துக்கு நகரசபை அனுமதி கையில இருக்கு. அதுல நாள் போட்டிருக்கு, வாத்தியம் வேணாம்னு போடலை."

இப்படி வெளிப்படையாக எழுதுகிறானே, கழகத்துக்குத் தெரிந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். கவலை வேண்டாம். அவர்கள் எதையும் முதல் பக்கத்தைத் தாண்டிப் படிப்பதில்லை.

ஒரு சிக்கல் பாக்கி. அன்றைக்கு வேலிக்குள் வேஷக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி. சொந்த அப்பாவின் அடக்கத்துக்குப் போக ஆர்லோவுக்கு ஒரு வேஷம் வேண்டும். 'மூன்றாம் துயரர்' வேஷம் காலியாக இருந்தது. தேர்வுக்குப் போனான். வான் எப்ஸ் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"மனசுல வருத்தம் எதுவும் வெச்சுக்காம வந்திருக்கீங்க, சந்தோஷம். துயரராகணும்னா சும்மா இல்லை. துக்கப்பட்டு அனுபவம் உண்டா?"

"ஜனவரிலேர்ந்து."

"புதுசு" என்று வான் எப்ஸ் உதட்டைப் பிதுக்கினார். "சரி, கடைசி வரிசைல நில்லுங்க. நம்ம பல் டாக்டரைப் பாத்துக் கத்துக்குங்க."

பல் டாக்டர் கோர்ட்ரைட்தான் ஆண்டுதோறும் மறைந்த இனத்தின் கடைசித் தலைவராக இறகு வைத்துக்கொண்டு வருபவர். அந்த வேஷத்தை லோரெய்ன் ஒருமுறை கேட்டாளாம். முகம் நாவலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை வந்தது. வெயில் நன்றாக அடித்தது. கழகத்தின் ஆறு பேர் உயரத் தொப்பியோடு கல் அறைக்குள் போனார்கள். காலிப் பெட்டியை வருடாவருடம் விரல்நுனியில் ஏந்தி வந்து பழகியவர்கள். முதல் மூச்சில் தூக்கியதும் ஒருவருக்குத் தொப்பி விழுந்தது, இன்னொருவர் கடவுளைக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிவந்து, முழங்கால் நடுங்க, வழியில் இருமுறை இறக்கி வைத்து ஏற்றி, ஒருவழியாக வேலிக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

"பாருங்க" என்று வான் எப்ஸ் கூட்டத்திடம் தழுதழுத்தார். "நாப்பது வருஷத்துல இப்படி ஒரு நடிப்பை நான் பாத்ததில்லை. ஒரு மகானோட பாரத்தை இன்னைக்குத்தான் தோள்ல உணர்ந்திருக்காங்க."

சுமந்தவர்களில் ஒருவர் மூச்சுவாங்கிக்கொண்டே ஏதோ சொல்ல வாயெடுத்தார். புகழ்ச்சி காதில் விழுந்ததும் மூடிக்கொண்டார். பிறகு யார் கேட்டாலும், ஆமாம், ஒரு மாதம் பயிற்சி எடுத்தோம் என்றே சொன்னார்.

குழியை எட்டிப் பார்த்து, ஆழம் மிகவும் நம்பும்படியாக இருக்கிறது என்று லோரெய்னையும் பாராட்டினார் வான் எப்ஸ். பிறகு உரை.

"இங்கே நாம் அடக்கம் செய்வது ஒரு மனிதரை அல்ல" என்று தொடங்கினார். லோரெய்ன் தொண்டையைச் செருமினாள். "இவர் சொகுசை நாடவில்லை. இந்த மண்ணைத் தவிர வேறு மண்ணை விரும்பவில்லை. தம் கடைசி மூச்சில் இவர் கேட்டதெல்லாம், தாம் நேசித்ததன் பக்கத்தில் ஓர் ஓய்விடம்தான். அதை இந்த ஊர் இவருக்கு மறுத்ததா? மறுக்கவில்லை. ஏனென்றால் இங்கே கழகம் இருக்கிறது."

ஹாஸ்கின்ஸ் உண்மையில் செத்தது இத்தாலியில் ஒரு ஹோட்டலில், சாப்பாடு தாமதமானதைக் கண்டித்து ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது. அது கிடக்கட்டும். நான் மைத்துனனாக நின்றுகொண்டு கேட்ட அத்தனை உரைகளிலும், அன்றைக்குப் பேசியது ஒன்றுதான் நெஞ்சில் இறங்கியது. அது யாரைப் பற்றியது என்று பேசியவருக்குத்தான் தெரியாது.

கயிறு இறங்கியது. பெட்டி அடியைத் தொட்ட சத்தம் கேட்டது. காலிப் பெட்டி அப்படிச் சத்தம் போடாது. ஆர்லோ கடைசி வரிசையில் இருந்து யாரையும் கேட்காமல் முன்னால் வந்தான். தொப்பி எங்கேயோ விழுந்துவிட்டது. அம்மாவின் கல்மேல் போட்டிருந்த துணியை இழுத்து எடுத்தான். அதாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பா" என்றான். இன்னொரு தரம் சொன்னான். பிறகு வாய் கோணி, தோள் குலுங்கி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். வாத்தியக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். நானும் அழுதேன். வேஷத்துக்காக அல்ல.

கூட்டம் பன்றித்தொடைச் சாப்பாட்டுக்குச் சமுதாயக் கூடத்துக்குப் போனதும், லோரெய்ன் குழியை மூடினாள். ஆறடியும், ஆர அமர. எதையும் வெளியே எடுக்கவில்லை. கல் அறையில் ஒரு காலிப் பெட்டி கழகத்துக்காகக் காத்திருந்தது. டெல்பர்ட்டை என்ன செய்தாய் என்று வான் எப்ஸ் கேட்டபோது, சரியான இடத்தில் வைத்துவிட்டேன் என்றான் ஆர்லோ. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் அமைதியாக இருக்கும் என்று அவர் ஆறுதல் சொன்னார்.

பழம் வைத்துச் சுட்ட பைத் துண்டுகள் பரிமாறும்போது பரிசு அறிவிப்பு. முதல் பரிசு, நீல ரிப்பன், பல் டாக்டருக்கு. அவர் ஒரே ஒரு கண்ணீர்த் துளியைக் கன்னத்தின் நடுவில் நிறுத்தி, புகைப்படக்காரர் வரும்வரை விழாமல் பார்த்துக்கொண்டாராம். வான் எப்ஸ் அடுத்த ரிப்பனைக் கையில் எடுத்தார். சிவப்பு.

"ப்ரூயிட், நடுவர்கள் உங்களைப் பத்தி ரொம்ப நேரம் விவாதிச்சோம். ஆர்வம் இருக்கு, மறுக்கலை. ஆனா கொஞ்சம் மிகை. அந்தக் காலத்து ஆம்பளைங்க அப்படி வாயைக் கோணிக்கிட்டு அழமாட்டாங்க. துணியைக் கல்லுலேர்ந்து எடுத்துட்டீங்க, அதுவும் தப்பு. இதையெல்லாம் விட்டுடலாம். 'அப்பா'ன்னு கூப்பிட்டீங்களே, அங்கதான் முதல் பரிசு கை நழுவிப் போச்சு. ஹாஸ்கின்ஸுக்குப் பிள்ளையே கிடையாது. அடிப்படை வரலாறு தெரியணும்."

கூடம் முழுக்க மெல்லிய சிரிப்பு. லோரெய்ன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஆர்லோவையே பார்த்தாள். நானும்தான். அவன் ஏதாவது சொல்லிவிடுவானோ என்று பயம்.

ஆர்லோ போய் ரிப்பனை வாங்கிக்கொண்டான்.

"அடுத்த வருஷமும் வரலாங்களா?" என்று கேட்டான்.

"தாராளமா. ஆனா அப்பான்னு மட்டும் சொல்லக் கூடாது."

"சரிங்க" என்றான்.

அடுத்த மே மாதம் அவன் உயரத் தொப்பியோடு வந்து, ஹேசலுக்கும் குழிக்கும் நடுவில், பல்லைக் கடித்துக்கொண்டு வாயே திறக்காமல் நின்றான். மூன்றடிக் குழியில், டெல்பர்ட்டுக்கு மேலே, காலிப் பெட்டி இறங்கியது. வாத்தியம் முழங்கியது. அப்பா என்று ஒரு வார்த்தை அவன் சொல்லவில்லை. இப்போதுதான் பையனுக்கு நடிக்க வந்திருக்கிறது என்று வான் எப்ஸ் தம் கையாலேயே அவன் நெஞ்சில் நீல ரிப்பனைக் குத்தினார்.